சுபம் போட்ட பிறகு

ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையும் பார்த்த படம். பாட்டி தியேட்டரில், அம்மா டிவியில், நான் யூடியூபில். புற்றுநோயோடு மருத்துவமனைக்கு வரும் வேணுவாக முத்துராமன், அவன் மனைவி சீதாவாக தேவிகா, சீதாவின் பழைய காதலனான டாக்டர் முரளியாக கல்யாண்குமார். முரளி ராப்பகலாக உழைத்து, அறுவை சிகிச்சை செய்து, வேணுவைக் காப்பாற்றிவிடுகிறான். அந்த உழைப்பின் பாரத்தில் அவனே செத்துப்போகிறான். முக்கோணக் காதலின் தியாகம் என்றுதான் எல்லோரும் இந்தப் படத்தைப் பேசியிருக்கிறார்கள். சென்ற வருடம் மறுபடி பார்த்தபோது எனக்கு உறுத்தியது வேறொன்று. படத்தில் களைப்பு இருக்கிறது, ஆளைக் கொல்லும் அளவுக்கு. ஆனால் அது முழுக்க டாக்டருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. நோயாளிக்கு ஒரு துளி மிச்சம் வைக்கவில்லை. வேணு பிழைத்தான், அவ்வளவுதான். அவன் எந்த வேலைக்குத் திரும்பினான், காலையில் எத்தனை மணிக்கு எழுந்தான், மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்றானா என்பதெல்லாம் கதைக்குத் தேவைப்படவில்லை.

எனக்குத் தேவைப்படுகிறது. 26 வயதில் எனக்கு ஹோட்ஜ்கின் லிம்போமா வந்தது. ஏ.பி.வி.டி. என்று நான்கு மருந்துகளின் முதலெழுத்தைச் சேர்த்துச் சொல்லும் கீமோ. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு மாதத்தில் 12 தடவை. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள். வேலைக்குத் தகுதியானவர் என்று கடிதம் கொடுத்தார்கள். சாலாக் செலாத்தானில் கொமுட்டர் ஏறி, செப்புத்தே, மிட்வேலி தாண்டி, கே.எல். சென்ட்ரலில் கிள்ளான் ரயிலுக்கு மாறி, ஷா ஆலம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்பு எஞ்சினியர் வேலைக்குப் போகிறேன். இரண்டு வருடம் ஆகிறது. இந்த இரண்டு வருடத்தைப் பற்றித் தமிழில் ஏதாவது எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடியதில்தான் இந்தக் கட்டுரை வந்தது.

நம் சினிமாவில் புற்றுநோய்க்குப் பஞ்சமே இல்லை. பாலசந்தர் இயக்குநராக அறிமுகமான ‘நீர்க்குமிழி’யிலேயே (1965) நாகேஷ் அதோடுதான் வருகிறார்; ஆஸ்பத்திரி வார்டையே சிரிக்க வைத்துவிட்டுச் சாகிறார். 1982இல் ‘வாழ்வே மாயம்’, ‘பயணங்கள் முடிவதில்லை’ இரண்டும் வந்தன. ஒரே ஆண்டு, கமல் ஒன்றில், மோகன் இன்னொன்றில். இரண்டிலும் நாயகனுக்குப் புற்றுநோய். இரண்டிலும் அவன் அதை மறைத்து, தன்னைக் கெட்டவனாகக் காட்டி, காதலியை விலக்குகிறான். ஒரே சூத்திரத்தை ஒரே வருடத்தில் ரசிகர்கள் இரண்டு முறை அழுது ஏற்றுக்கொண்டார்கள் என்றால், அந்தச் சூத்திரம் நம் மனதில் ஏற்கெனவே தயாராக இருந்த ஒன்றைத் தொட்டிருக்க வேண்டும். நோயாளி என்பவன் யாருக்கும் சுமையாக இருக்கக் கூடாது. அதற்காகப் பொய்கூடச் சொல்லலாம். மேடையில் நின்று பாடலாம், ஆனால் ‘முடியல’ என்று சொல்லிவிடக் கூடாது. பாட்டெல்லாம் எனக்கும் பிடிக்கும், அது வேறு விஷயம்.

ஆக நமக்குத் தெரிந்த முடிவுகள் இரண்டு. ஒன்று, செத்துப் போவது. இன்னொன்று, வேணு மாதிரி முழுசாகத் தேறி ‘சுபம்’ போட்ட திரைக்குப் பின்னால் போய்விடுவது. பத்திரிகைகள் இரண்டாவதை எடுத்துக்கொண்டு ‘புற்றுநோயை வென்றார்’ என்று தலைப்பு போடுகின்றன. இந்தத் தலைப்பு வெறும் தலைப்பாக நின்றுவிட்டால் எனக்குப் புகார் இல்லை. அது அலுவலகத்துக்குள் வந்து உட்காருகிறது. வேலைக்குத் திரும்பிய முதல் வாரம் என்னைப் பார்த்துக் கைத்தட்டினார்கள், கேக் வெட்டினார்கள். நான்காவது மாதம் இரவு ஷட்டவுன் வேலைக்கு வர முடியாது என்றபோது, “ஆளு நல்லாத்தானே இருக்க, முடிகூட வந்திருச்சே, அப்புறம் என்னா?” என்று கேட்டார் மேலதிகாரி. கெட்டவர் இல்லை. அவரும் அதே படங்களைப் பார்த்து வளர்ந்தவர்.

சட்டமும் ஏறத்தாழ அதே கதையைத்தான் சொல்கிறது. மலேசியாவின் 1955 வேலைச் சட்டப்படி, சேவைக்காலத்தைப் பொறுத்து வருடத்துக்கு 14, 18 அல்லது 22 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற வேண்டியிருந்தால் 60 நாள். முன்பெல்லாம் எல்லாவற்றையும் சேர்த்தே 60 என்று கணக்கு. 2022இல் கொண்டுவந்து 2023 ஜனவரியில் அமலான திருத்தம்தான் இரண்டையும் பிரித்தது. நல்ல திருத்தம். ஆனால் சட்டத்தின் கற்பனையில் உடம்பு இரண்டு இடத்தில்தான் இருக்கிறது: கட்டிலில் அல்லது வேலையில். கட்டிலிலிருந்து இறங்கி இரண்டு வருடமாகியும் மத்தியானம் மூன்று மணிக்கு மூளையில் விளக்கு அணைந்துவிடும் ஆளுக்கு, எம்.சி. எடுக்கக் காய்ச்சல் இல்லை, கட்டுப்போட்ட கையும் இல்லை. ஸ்ரீதரின் படம் பெரும்பாலும் மருத்துவமனைக்குள்ளேயே நடப்பதற்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாகவே எனக்குப் படுகிறது. நோய் என்பது வாசல் உள்ள ஒரு கட்டடம், உள்ளே போனால் நோயாளி, வெளியே வந்தால் இல்லை.

பிரிக்பீல்ட்ஸில் நடப்பவர்களுக்குத் தெரியும், நடைபாதையில் பார்வையற்றோருக்கான மஞ்சள் கோடு போட்டிருக்கிறது. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கே இருக்கிறது. அவர்கள் தினமும் நடக்கும் இடம் என்பதால் தரையிலேயே அவர்களுக்கு ஒரு பாதை வந்தது. ரயிலிலும் முன்னுரிமை இருக்கைக்கு மேலே படம் ஒட்டியிருக்கிறார்கள்: கர்ப்பிணி, முதியவர், கைத்தடியோடு ஒருவர், குழந்தையோடு ஒருவர். களைப்பை எப்படிப் படமாக வரைவது? நான் அந்த இருக்கையில் உட்கார்ந்தால் எதிரில் நிற்கும் மக்சிக் பார்க்கும் பார்வைக்கு என்னிடம் பதில் இல்லை. பெரும்பாலும் எழுந்துவிடுவேன்.

இந்த நாட்டில் இந்த விஷயத்தைப் பொதுவெளியில் தெளிவாகச் சொன்ன ஓர் உடம்பு உண்டென்றால் அது லீ சோங் வெய்யின் உடம்பு. மூன்று ஒலிம்பிக் வெள்ளிப் பதக்கங்கள். 2018 மார்ச்சில் அவரைப் பற்றிய சினிமா வெளிவந்தது. 2006 மலேசிய ஓப்பன் இறுதியாட்டத்தில், மூன்றாவது செட்டில் 13–20 என்று பின்தங்கியிருந்து லின் டானைத் தோற்கடித்த வெற்றியை உச்சமாக வைத்த படம். அதே ஆண்டு ஜூலையில் அவருக்கு மூக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆரம்ப நிலை. தைவானில் சிகிச்சை. குணமாகிவிட்டது என்று அறிவித்தார், மறுபடி பயிற்சிக்குப் போனார், தோக்கியோ ஒலிம்பிக்கைக் குறிவைத்தார். 2019 ஜூன் 13ஆம் தேதி, 36 வயதில், பத்திரிகையாளர்கள் முன்னால் அழுதுகொண்டே ஓய்வை அறிவித்தார். நோய் திரும்பி வந்துவிடவில்லை. குணமான அந்த உடம்பு, உலகத் தரப் பயிற்சியின் சுமையைத் தாங்காது என்பதுதான் மருத்துவர்கள் சொன்னதன் சாரம்.

அன்றைய செய்திகள் இதை ஒரு சோக முடிவாகவே எழுதின. கண்ணீர், சகாப்தத்தின் முடிவு, ஒலிம்பிக் தங்கம் கிடைக்காத ஏக்கம். அதெல்லாம் சரிதான். ஆனால் ‘குணமாகிவிட்டது’, ‘முன்பு போல முடியாது’ என்ற இரண்டு வாக்கியங்களும் ஒரே மனிதரைப் பற்றி ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதை நாடே அன்று கேட்டது. கேட்டும் அதை எடுத்துக்கொள்ள நம்மிடம் பாத்திரம் இல்லை. 13–20இலிருந்து மேலே வருவதுதான் கதை என்று முந்தைய ஆண்டுதான் சினிமாவே காட்டியிருந்தது. 13–20இல் ராக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குவது எந்த வகைக் கதை?

ஆங்கிலத்தில் இதற்கான தேடல் கொஞ்சம் நடந்திருக்கிறது. சூசன் சொன்டாக் 1978இல் ‘இல்னஸ் ஆஸ் மெட்டஃபர்’ எழுதி, புற்றுநோயைப் போராகவும் சாபமாகவும் பேசும் வழக்கத்தைக் கிழித்துப்போட்டார். அவரே நோயாளிதான், ஆனால் அந்தப் புத்தகத்தில் தன்னைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. கனடாவில் வாழ்ந்த சமூகவியலாளர் ஆர்தர் ஃபிராங்க்தான் எனக்கு நேரடியாக உதவினார். ‘தி ஊண்டட் ஸ்டோரிடெல்லர்’ (1995) என்ற நூலில் அவர் ஒரு கூட்டத்துக்குப் பெயர் வைக்கிறார்: ரெமிஷன் சொசைட்டி. நோய் தணிந்திருப்போர் சமூகம் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறார்கள், ஆனால் குணமாகிவிட்டது என்று ஒருபோதும் முழுதாகச் சொல்ல முடியாதவர்கள். கொமுட்டரில் என் பக்கத்தில் நிற்பவரும் அதில் ஒருவராக இருக்கலாம், தெரிய வழியில்லை. ஃபிராங்க் நோய்க்கதைகளை மூன்றாகப் பிரிக்கிறார்: பழையபடி ஆகிவிட்டேன் என்பது, எல்லாம் சிதறிவிட்டது என்பது, நோய் எனக்கு எதையோ தேடித் தந்தது என்பது. மூன்றாவதின் மேல் அவருக்கு ஒரு சாய்வு உண்டு. அங்கேதான் எனக்கு அவரோடு பிணக்கு. களைத்த ஆளுக்குத் தேடல் வராது. வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றுவதற்கு முன் சோபாவில் பத்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருப்பதில் ஞானம் எதுவும் கிடையாது. ஞானம் கிடைக்காத நோய்க்கும் ஒரு கதை வேண்டும்.

சுலைகா ஜவாத் 22 வயதில் ரத்தப் புற்றுநோய் கண்டவர். அவருடைய ‘பிட்வீன் டூ கிங்டம்ஸ்’ (2021) நூலின் இரண்டாம் பாதி சிகிச்சை முடிந்த பிறகுதான் தொடங்குகிறது. அதற்காகவே அதைக் கொண்டாடலாம். நோயிலிருந்து வெளியே வந்தவளுக்கு எப்படி வாழ்வது என்று தெரியவில்லை. காரை எடுத்துக்கொண்டு அமெரிக்கா முழுக்க 100 நாள், 15,000 மைல் சுற்றுகிறார். படிக்கப் படிக்கப் பொறாமையாக இருந்தது. என் பயணம் சாலாக் செலாத்தானிலிருந்து ஷா ஆலம் வரை. அதற்கும் நடுவில் கே.எல். சென்ட்ரலில் ஒரு ரயிலை விட்டுவிட்டுப் பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கிறது. கொமுட்டரில் ஒரு ரயிலை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்பது கிள்ளான் பாதையில் போகிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சாலைப் பயணம் என்ற வடிவத்துக்கே ஒரு வர்க்கம் இருக்கிறது. 100 நாள் விடுப்பு உள்ளவர்களின் வடிவம் அது.

இவர்களில் வேலையிடத்தை நேராகத் தொட்டவர் ஆட்ரி லோர்ட். ‘தி கேன்சர் ஜர்னல்ஸ்’ (1980) நூலில் ஒரு சம்பவம். மார்பக அறுவை சிகிச்சை முடிந்து சில நாளில் டாக்டரைப் பார்க்க வருகிறார், செயற்கை மார்பு பொருத்தாமல். அங்கிருந்த நர்ஸ், இப்படி வந்தால் மற்றவர்களின் மனத்தெம்புக்கு நல்லதில்லை என்ற பொருளில் ஏதோ சொல்கிறார். லோர்டுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. தேறியவள் தேறியவள் மாதிரியே தெரிய வேண்டும், இல்லாவிட்டால் பார்ப்பவர்களுக்குக் கஷ்டம். கேக் வெட்டிய நாளில் நான் சிரித்த சிரிப்பும் அந்தச் செயற்கை மார்பு மாதிரிதான் என்று அந்தப் பக்கத்தைப் படித்தபோது தோன்றியது.

இனி நம் பக்கம். மலேசியத் தமிழ் எழுத்துக்குக் களைப்பு தெரியாது என்று சொன்னால் அது அபாண்டம். தோட்டத்து வாழ்வை எழுதிய இலக்கியம் களைப்பால் ஆனது. அகிலனின் ‘பால்மரக்காட்டினிலே’ தொடங்கி எத்தனையோ பக்கங்களில் இருட்டோடு எழுந்து, நெற்றி விளக்கோடு மரம் சீவி, பால் வாளி சுமந்த உடம்புகள் இருக்கின்றன. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ ஜப்பான்காரன் ஆட்சியில் பர்மா பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட நம் ஆட்களின் உடம்பு எப்படித் தேய்ந்தது என்பதை எழுதியது. இவை எல்லாவற்றிலும் களைப்புக்குக் காரணம் இருக்கிறது. கங்காணி, துரை, சிப்பாய், வெயில், மழை. யாரோ ஒருவர் அந்தக் களைப்பை உண்டாக்குகிறார், வேறு யாரோ அதில் லாபம் பார்க்கிறார். அதனால் அந்தக் களைப்புக்கு ஒரு கௌரவம் உண்டு. அது சம்பாதித்த களைப்பு.

சம்பாதிக்காத களைப்பு நம் வீடுகளில் சோம்பேறித்தனம். பாட்டி 30 வருடம் மரம் சீவியவர். காலையில் பசியாறிவிட்டு நான் மறுபடி படுத்தால் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். மின்விசிறியை மட்டும் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டுப் போவார். ஆனால் அவர் முகத்தில் ஒரு குழப்பம் இருக்கும். என்ன வேலை செய்தாய் என்று கேட்கத் தெரியாத குழப்பம். அம்மா கேட்டுவிடுவார்: “நல்லாத் தூங்குனியா இல்லியா? தூங்கி எந்திரிச்சா சரியாயிரும்.” அங்கேதான் சிக்கல். புற்றுநோய்க்குப் பிந்தைய இந்தக் களைப்பு தூங்கி எழுந்தால் சரியாவதில்லை. செய்த வேலைக்கும் அதற்கும் விகிதம் கிடையாது. சிகிச்சை முடிந்து மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் இருக்கிறது. ரத்தச் சோகை, தைராய்டு, உறக்கம், மனச்சோர்வு என்று சரிசெய்யக்கூடிய காரணங்களைத் தேடிப் பார்ப்பார்கள். எல்லாம் சரியாக இருந்தும் களைப்பு இருக்கலாம். இதில் வேடிக்கை, ஓய்வைவிட மிதமான உடற்பயிற்சிதான் இதற்கு நல்லது என்று ஆய்வுகள் சொல்கின்றன. நடக்க முடியாதவனை நடக்கச் சொல்லும் மருந்து. நான் நடக்கிறேன். கொஞ்சம் உதவுகிறது.

தமிழில் வார்த்தை இல்லாமல் இல்லை. களைப்பு, சோர்வு, அசதி, அலுப்பு, அயர்ச்சி, தளர்ச்சி. களைப்பு உழைத்தவனுடையது. அலுப்பு பயணம் போய் வந்தவனுடையது, மனம் சலித்தவனுடையதும்கூட. சோர்வில் கொஞ்சம் துக்கம் கலந்திருக்கிறது. அசதி உறக்கத்துக்குப் பக்கத்து வீடு. ஒவ்வொன்றும் தனக்குள் ஒரு காரணத்தை வைத்திருக்கிறது. காரணமே இல்லாமல் வரும் ஒன்றுக்கு நான் கடைசியில் ‘டயர்ட்’ என்றே சொல்லிவிடுகிறேன், அதுவும் பொய்தான்.

நான் படித்த படிப்பில் இதற்கு ஒரு பாடம் இருந்தது என்பது எனக்கே தாமதமாகத்தான் உறைத்தது. உலோகச் சோர்வு. 1842இல் பிரான்சில் வெர்சாய் அருகே ஓடிய ரயிலின் அச்சு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அச்சு அதிக பாரத்தால் முறியவில்லை. தாங்கக்கூடிய பாரத்தைத்தான் தாங்கிக்கொண்டிருந்தது, ஆனால் திரும்பத் திரும்ப. பிறகு ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் ரயில் அச்சுகளை லட்சக்கணக்கான தடவை சுழற்றிச் சோதித்து, ஒரு இரும்பின் பலத்தை மட்டும் கேட்டால் போதாது, அது இதுவரை எத்தனை சுற்று தாங்கியிருக்கிறது என்றும் கேட்க வேண்டும் என்று காட்டினார். முறியப்போகும் அச்சு கண்ணுக்கு நல்ல அச்சு மாதிரியே இருக்கும். தொழிற்சாலையில் ஒரு பம்ப் ஷாஃப்டை மாற்றச் சொல்லி நான் அறிக்கை எழுதினால், “பார்க்க நல்லாத்தானே இருக்கு” என்று யாரும் கேட்பதில்லை. ஓடிய மணிநேரத்தைப் பார்க்கிறார்கள், கையெழுத்துப் போடுகிறார்கள். இரும்புக்கு வரலாறு உண்டு என்பதை ஏற்றுக்கொண்ட அதே மேசையில்தான் என் எம்.சி.யும் கிடக்கிறது.

உவமை ஓரளவுக்குத்தான் போகும் என்பதையும் சொல்ல வேண்டும். இரும்பில் விழுந்த விரிசல் ஓய்வு கொடுத்தால் மூடிக்கொள்ளாது. உடம்பு அப்படி இல்லை. போன வருடம் இரண்டு இடத்தில் நின்ற படிக்கட்டில் இப்போது ஒரு இடத்தில்தான் நிற்கிறேன். ஆகவே ‘உடைந்துவிட்டேன்’ என்ற கதையும் எனக்குப் பொருந்தாது. முன்னேற்றம் இருக்கிறது, ஆனால் சினிமாவுக்குப் போதாத அளவு மெதுவான முன்னேற்றம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செக்கப், அதற்கு முந்தின வாரம் தூக்கம் கெடுவது, பிறகு மறுபடி வழக்கமான ரயில். இதை நாவலாக எழுதினால் எடிட்டர் ‘கதை நகரலயே’ என்பார். நகராததுதான் கதை என்று யாராவது பிடிவாதமாக எழுத வேண்டும். சிறுகதைதான் இதற்கு ஏற்ற வடிவம் என்று எனக்குப் படுகிறது. ஒரு ரயிலை விட்டுவிட்டு அடுத்த ரயிலுக்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நேரம், ஒரு சிறுகதைக்குப் போதும்.

அதுவரைக்கும் நான் எழுதியது இரண்டு வரி. 2023இல் அமலான அதே சட்டத் திருத்தத்தில், வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றிக் கேட்டுத் தொழிலாளி எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. முதலாளி 60 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். எங்கள் அலுவலகப் படிவத்தில் ‘காரணம்’ என்ற இடத்தில் இரண்டு கோடு போட்டிருந்தார்கள். புற்றுநோய் என்று எழுதினால் ‘அதான் குணமாயிருச்சே’ என்பார்கள். களைப்பு என்று எழுதினால் ‘யாருக்குத்தான் இல்லை’ என்பார்கள். சொன்டாக், ஃபிராங்க், லோர்ட் யாரும் அந்த இடத்தில் உதவவில்லை. பம்ப் அறிக்கை எழுதுகிற மாதிரியே எழுதினேன்: 12 சுற்று கீமோ, முடிந்து 20 மாதம், தொடர்ந்து ஆறு மணி நேரத்துக்கு மேல் கவனம் நிற்பதில்லை, காலை 8க்குப் பதில் 10 மணிக்குத் தொடங்க அனுமதி வேண்டும். 41ஆம் நாள் பதில் வந்தது. மூன்று மாதத்துக்கு மட்டும், பிறகு மறுபரிசீலனை. எட்டரை மணி ரயிலில் உட்கார இடம் கிடைக்கிறது.